பேஸ்ட் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்குக் குறையாத மழை. அந்த மழை வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாகப் பாகூர் கொம்யூன் ஊர்களுக்குள் புகுந்தது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணியிலும் வெள்ளம். பயிர்ச் சேதத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வந்தது. வீடுகளுக்குள்ளும் பம்புசெட் கொட்டகைகளுக்குள்ளும் நனைந்தவை பற்றிப் பேச்சு குறைவு. ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி என்று இன்று எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு பழுதுபார்க்கும் மேசைக்கு வருவது பெரும்பாலும் அந்த போர்டுதான்.

பழுதுபார்த்த போர்டு நன்றாக ஓடும். நான்கு மாதம், ஆறு மாதம் கழித்து, அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது, பற்றவைத்த அதே இடத்தில் மறுபடி நின்றுபோகும். திறந்து பார்த்தால் அந்த இடத்தில் பச்சை பூத்திருக்கும், அல்லது வெள்ளையாகப் பொரிந்திருக்கும். “உப்புக்காத்து, என்ன செய்யறது” என்று சொல்லிவிடுவது வழக்கம். உப்புக்காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பல சமயம் காற்று வந்து தாக்குவதற்கு முன்பே அங்கே உப்பு இருந்தது. அதை நாமேதான், பற்றவைக்கும்போது, ஒரு சிறிய டப்பாவிலிருந்து எடுத்துப் பூசியிருக்கிறோம். அந்த டப்பாவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பற்றவைக்க ஏன் பேஸ்ட் வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். செம்பு காற்றுப் பட்டால் தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும். பாகூரில் கிடைத்த பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் செப்பேடுகள் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் அவை எழுத்து அழியாமல் நின்றதில் இந்தத் தோலுக்கும் பங்கு உண்டு. செம்பைக் காக்கும் அதே தோல், பற்றவைப்பவருக்குத் தடை. கடையில் நாம் ‘லெட்’ என்று கேட்டு வாங்கும் சால்டர் கம்பி, 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்தது. 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190 டிகிரிக்குள் முழுதும் உருகிவிடும். செம்பின் ஆக்சைடோ ஆயிரம் டிகிரியிலும் உருகாது. உருகிய ஈயம் அந்தத் தோல்மேல் பரவாது, உருண்டு நிற்கும். ஒட்டியதுபோல் தெரிந்தாலும் உலோகத்தோடு உலோகம் சேர்ந்திருக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு: சூடு ஏற ஏற ஆக்சைடு இன்னும் வேகமாக உண்டாகும். சுரண்டிப் பளபளப்பாக்கிய செம்பு கூட, சால்டரிங் அயர்ன் பட்ட சில நொடிகளில் மறுபடி மங்கிவிடும். ஆகவே, ஏற்கெனவே உள்ள ஆக்சைடைக் கரைக்கவும், சூட்டில் புதிதாக உண்டாகாதபடி மூடவும், உருகிய ஈயம் ஈரப்பசைபோலப் பரவ உதவவும் ஒரு பொருள் வேண்டும். அதுதான் பிளக்ஸ். கடைப் பேச்சில் பேஸ்ட்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத் தூளைத் தூவி, ஈயத்தைத் தொட்டுத் துணியால் தேய்ப்பார்கள். வெண்புகை கிளம்பும், ஈயம் வழுக்கிக்கொண்டு பரவும். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது வெளியிடும் அமிலம் ஆக்சைடைத் தின்றுவிடுகிறது. பாத்திரத்துக்கு அது மிகச் சரியான பொருள், ஏனென்றால் பூசி முடித்ததும் பாத்திரத்தைத் தண்ணீரில் அலம்பிவிடுவார்கள். மிச்சம் எதுவும் நிற்காது.

எலக்ட்ரானிக் போர்டில் அப்படி இல்லை. மயிரிழை இடைவெளியில் ஓடும் செப்புக் கோடுகள், கால்களுக்கு இடையே, ஐ.சி.க்கு அடியில் எல்லாம் மிச்சம் ஒளிந்துகொள்ளும். அங்கே அமிலப் பேஸ்ட் போட்டால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் வில்லியனூர், பாகூர் வட்டாரத்தில் போர்டுகள் சாவதில் பெரும்பங்கு இந்த இடத்தில் இருக்கிறது.

குழாய் வேலை, தகர வேலைக்காக விற்கும் பேஸ்ட்களில் துத்தநாகக் குளோரைடும் அம்மோனியம் குளோரைடும் இருக்கும். பார்ப்பதற்கு மஞ்சளாகவோ பழுப்பாகவோ கிரீஸ் போலத் தெரியும், ஏனென்றால் வாசலின் போன்ற கொழுப்பில் குழைத்திருப்பார்கள். போர்டு வேலைக்கு என்று சொல்லிச் சிறிய தகர டப்பாவில் விற்பவற்றிலும் சிலவற்றில் இதே சரக்கு இருக்கிறது. மிக நன்றாகப் பற்றும். துருப்பிடித்த கம்பியிலும் ஒரே தொடலில் ஈயம் பாயும். அதனால்தான் அவசர வேலையில் கை தானாக அதன் பக்கம் போகிறது. ஆனால் துத்தநாகக் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். வெளியே மழை பெய்யாமலே, காற்றில் ஈரப்பதம் கூடினாலே அது கசிந்து நீராகிவிடும். அந்தத் துளி நீரில் குளோரைடு கரைந்தால் மின்சாரம் பாயும் திரவம் தயார். மேலே ஒரு கோட்டில் 12 வோல்ட், பக்கத்துக் கோட்டில் பூஜ்யம் என்று இருந்தால், ஒரு பக்கத்துச் செம்போ ஈயமோ அயனியாகக் கரைந்து மறுபக்கம் போய்ப் படியும். படிந்தது கிளைகிளையாக வளர்ந்து இரண்டு கோடுகளையும் இணைத்துவிடும். ஷார்ட் சர்க்யூட்.

இதில் மிகக் கொடியது, குளோரைடு செலவாகித் தீர்ந்துபோகாது என்பது. அது காரீயத்தோடு சேர்ந்து காரீயக் குளோரைடாகும். காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் அதை வெள்ளைக் கார்பனேட்டாக மாற்றும்போது குளோரைடு மறுபடி அமிலமாக விடுபட்டு அடுத்த அடுக்கைத் தின்னப் போகும். துளி குளோரைடு இருந்தாலும் ஈரம் இருக்கும்வரை வேலை நடந்துகொண்டே இருக்கும். திறந்து பார்க்கும்போது தெரியும் அந்த வெள்ளைப் பொரிதான் கார்பனேட். கொழுப்பில் குழைத்திருப்பதால் தண்ணீரில் அலம்பினாலும் எளிதில் போகாது. கிரீஸ் ஒருவேளை மேலாகப் போய், உப்பு அடியில் நின்றுவிடும்.

ரோசின் வேறு வகை. பைன் மரத்தைக் கீறினால் வடியும் பாலைக் காய்ச்சி வடித்தால் டர்பன்டைன் ஆவியாகிப் பிரிந்துவிடும். கலத்தில் மிஞ்சுவது தேன் நிறத்தில், கண்ணாடிபோல் உடையும் கட்டி. அதுதான் ரோசின். இந்தியாவில் இது இமயமலைச் சரிவுகளில் வளரும் சிர் பைன் மரத்திலிருந்து வருகிறது. இமாச்சலப் பிரதேச வனவளர்ச்சிக் கழகம் நாஹனிலும் பிலாஸ்பூரிலும் ரோசின் ஆலைகள் வைத்திருக்கிறது. வயலின் வில்லுக்குத் தேய்ப்பதும் இந்தச் சரக்குதான்.

ரோசினில் ஏறத்தாழ 90 சதவீதம் பிசின் அமிலங்கள். அவற்றில் முக்கியமானது அபைட்டிக் அமிலம். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம். இதன் அருமையே இங்குதான் இருக்கிறது. குளிர்ந்த நிலையில் ரோசின் திடப்பொருள். அமிலம் உள்ளே அசையாமல் கிடக்கிறது, செம்பை ஒன்றும் செய்யாது. 70, 80 டிகிரியில் இளகத் தொடங்கும். பற்றவைக்கும் சூட்டில் தண்ணீர்போல் ஓடி, செம்பின் ஆக்சைடோடு வினைபுரிந்து அதைக் கரைத்துத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அதன் மேற்பரப்பு காற்றை விலக்கும். ஈயம் பரவி உறைந்ததும் ரோசினும் உறையும். மறுபடி அமிலம் பூட்டப்பட்டுவிடும். மிஞ்சும் பளபளப்பான படலம் தண்ணீரில் கரையாது, ஈரம் உறிஞ்சாது, மின்சாரமும் கடத்தாது. சூட்டில் மட்டும் வேலை செய்து, குளிர்ந்ததும் வேலையை நிறுத்தும் இப்படியொரு பொருளை மரம் தயாராகவே தருகிறது. நூறாண்டுக் கால வானொலி, தொலைக்காட்சி, கணினித் தொழில் இதன்மேல் நின்றிருப்பது வியப்பில்லை.

ஒரு குறிப்பு. ரோசின் பூசிய இடத்தில் சில சமயம் கண்ணாடி போன்ற பச்சைச் சாயல் தெரியும். அது செம்பும் அபைட்டிக் அமிலமும் சேர்ந்த உப்பு. ரோசினுக்குள்ளேயே அடைபட்டிருக்கும், கெடுதல் இல்லை. அரிப்பினால் வரும் பச்சை அப்படி ஒளி ஊடுருவாது. தூளாக, மாவுபோல, பொருக்கு எழுந்து நிற்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து நல்ல இணைப்பைச் சுரண்டிவிடக் கூடாது.

சுத்த ரோசின் மென்மையானது. பழைய, மங்கிய செம்பில் அது திணறும். அதனால் தயாரிப்பாளர்கள் அதில் கொஞ்சம் ஊக்கிப் பொருள் சேர்ப்பார்கள். பழைய அமெரிக்க ராணுவத் தரப் பிரிவு இன்றும் டப்பாக்களில் காணப்படுகிறது: ஆர் என்றால் வெறும் ரோசின், ஆர்.எம்.ஏ. என்றால் மிதமான ஊக்கி, ஆர்.ஏ. என்றால் வீரியமான ஊக்கி. இப்போதைய சர்வதேசத் தரம் ஜே-எஸ்டிடி-004. அதில் ஆர்.ஓ. என்று தொடங்கினால் ரோசின் அடிப்படை. அடுத்து எல், எம், எச் என்பது வீரியம் குறைவு, நடுத்தரம், மிகுதி. கடைசியில் 0 என்றால் ஹாலைடு (குளோரைடு போன்ற உப்பு) இல்லை என்று சொல்லத்தக்க அளவு, அதாவது 0.05 சதவீதத்துக்கும் குறைவு. 1 என்றால் ஹாலைடு உண்டு. ஐ.என். என்று தொடங்குவது கனிம உப்பு வகை. அது போர்டு பக்கமே வரக் கூடாது.

வில்லியனூர், பாகூர் மெக்கானிக்குகளுக்கு என் கருத்து: ஆர்.எம்.ஏ. அல்லது ஆர்.ஓ.எல்.0 என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். எழுத்தே இல்லாத டப்பா எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். ஜே-எஸ்டிடி-004 தரத்தின் சோதனைகளில் ஒன்று, பிளக்ஸ் பூசிய மாதிரிப் பலகையை 40 டிகிரி வெப்பத்தில், 90 சதவீத ஈரப்பதத்தில் ஏழு நாள் வைத்து, கோடுகளுக்கு இடையிலான மின்தடை 10 கோடி ஓமுக்குக் கீழே இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது. ஆய்வகத்தில் பெட்டிக்குள் உண்டாக்கும் அந்த ஈரப்பதம், ஐப்பசி கார்த்திகையில் பாகூர் ஏரிக்கரையோரம் உள்ள ஒரு பம்புசெட் கொட்டகைக்குத் தானாகவே வந்துவிடும். குளிர்ப்பதன அறையில் இருக்கும் கணினிக்கு ஓரளவு மன்னிக்கப்படும் தவறு, இங்கே மன்னிக்கப்படாது.

எழுத்து இல்லாத டப்பா ஏற்கெனவே கையில் இருக்கிறது, என்ன செய்வது? சோதித்துப் பார்க்கலாம். செப்புக் கம்பி அல்லது பழைய போர்டுத் துண்டு ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஒரு ஓரத்தில் அந்தப் பேஸ்டைத் தடவி அயர்னால் ஒருமுறை சூடாக்குங்கள். இன்னொரு துண்டில் ரோசின் வைத்து அதேபோல் செய்யுங்கள். மூன்றாவது துண்டை வெறுமனே விடுங்கள். மூன்றையும் மூடியுள்ள டப்பாவில், ஈரத்துணி பக்கத்தில் இருக்க, ஒரு வாரம் வைத்துவிடுங்கள். துணி செம்பைத் தொடக் கூடாது. அமிலப் பேஸ்ட் என்றால் அந்த ஓரத்தில் நீலப்பச்சைப் பொருக்கு எழும். ஆய்வகங்களில் கண்ணாடித் தகட்டில் பூசிய செப்புப் படலத்தின் மேல் பிளக்ஸ் துளி வைத்து 24 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். இது அதன் எளிய வடிவம். துல்லியமான அளவீடு கிடைக்காது. ஆனால் மோசமான சரக்கைக் காட்டிக்கொடுக்கும்.

கடையில் கேட்கும்போது இன்னொரு குழப்பமும் வரும். ‘சால்டர் பேஸ்ட்’ என்று கேட்டால் சில கடையில் சாம்பல் நிறக் களிம்பு தருவார்கள். அதில் எடைக்கு 90 சதவீதம் ஈயத்தூள், மீதி பிளக்ஸ். செல்போன் வேலைக்கும், ஆலைகளில் சின்னச் சின்னப் பாகங்களை அடுப்பில் வைத்துப் பற்றவைப்பதற்கும் அது. வில்லியனூர் கொம்யூனில் உள்ள சேதராப்பட்டில் எச்.சி.எல். நிறுவனம் கணினி ஆலை நடத்தியது. கணினி போர்டு செய்யும் தொழிலில் பெரும்பாலும் பயன்படுவது இந்தக் களிம்புதான். கையால் அயர்ன் பிடித்துச் செய்யும் பழுதுவேலைக்கு நமக்கு வேண்டியது உலோகம் கலக்காத ரோசின் பிளக்ஸ்.

சொல்லப்போனால், நல்ல சால்டர் கம்பி வாங்கினால் பாதி வேலைக்குத் தனிப் பேஸ்டே வேண்டாம். எலக்ட்ரானிக் கம்பியின் நடுவில் ஓடும் நுண்ணிய குழலில் ரோசின் அடைத்திருப்பார்கள். எடையில் இரண்டு மூன்று சதவீதம் இருக்கும். கம்பி உருகும்போது ரோசின் முதலில் ஓடி வழி செய்யும், ஈயம் பின்னால் வரும். ஆனால் இந்த ஏற்பாட்டைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று நம் பட்டறைகளில் வேரோடியிருக்கிறது. அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டு, பிறகு அதை போர்டுக்குக் கொண்டுபோய் வைப்பது. அந்த இரண்டு மூன்று நொடியில் ரோசின் நுனியிலேயே புகைந்து போய்விடும். இணைப்புக்கு வந்து சேருவது பிளக்ஸ் இல்லாத வெறும் ஈயம். அது பரவாது, மேடாக உட்காரும். அதைச் சரிக்கட்டத்தான் டப்பாப் பேஸ்டில் நுனியை முக்குகிறார்கள். இப்படியாக ஒரு தவறு இன்னொரு தவறை அழைத்து வருகிறது.

சரியான முறை எளிது. அயர்ன் நுனியால் செப்புத் திட்டையும் பாகத்தின் காலையும் சேர்த்துத் தொட்டுச் சூடாக்குங்கள். ஒரு நொடி கழித்து, நுனியில் படாமல், எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியை இணைப்பில் வையுங்கள். சூடான இணைப்பே கம்பியை உருக்க வேண்டும். ஈயம் காலைச் சுற்றி ஓடிச் சரிவாகப் படிந்ததும் முதலில் கம்பியை, பிறகு அயர்னை எடுங்கள். மொத்தம் இரண்டு மூன்று நொடி. உறையும்வரை அசைக்காதீர்கள். நன்றாகப் பற்றிய இணைப்பில் விளிம்பு மெலிந்து செம்போடு இழைந்திருக்கும். விளிம்பு உள்வாங்கி உருண்டிருந்தால் அது டிரை சால்டர், நாளைக்குத் திரும்பி வரும்.

நுனியின் சூடு 320 முதல் 360 டிகிரிக்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் ரோசின் கருகிக் கருப்புப் பொருக்காகிவிடும். கருகிய ரோசின் எதையும் கரைக்காது. சூட்டுக் கட்டுப்பாடு இல்லாத சாதாரண 25 வாட் அயர்ன், மேசையில் சும்மா கிடக்கும்போது இந்த வரம்பைத் தாண்டிவிடும். நுனியில் எப்போதும் கொஞ்சம் ஈயம் பூசி வைத்து, வேலைக்கு முன் ஈரமான பஞ்சில் துடைத்தால் தாக்குப்பிடிக்கும்.

தனி பிளக்ஸ் தேவைப்படும் இடங்கள்: பழைய இணைப்பை மறுபடி உருக்குவது, வெள்ளத்தில் நனைந்து மங்கிய செம்பு, ஐ.சி. மாற்றுவது, ஈயத்தை உறிஞ்சி எடுப்பது. இதற்குத் திரவ பிளக்ஸை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தெளிவான, வெளிர் மஞ்சள் ரோசின் கட்டியைப் பொடித்து, 25 கிராமுக்கு 100 மி.லி. ஐசோபுரொபைல் ஆல்கஹால் என்ற கணக்கில் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வையுங்கள். கடையில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் கிடைக்கும். ஒரு இரவில் கரைந்துவிடும். மெல்லிய துணியில் வடிகட்டினால் தூரிகையால் பூச ஏற்ற பிளக்ஸ் ரெடி. கரைவதற்காகச் சூடாக்கக் கூடாது. ஆல்கஹாலின் ஆவி தீப்பற்றும். அயர்னை அருகில் வைத்துக்கொண்டு புட்டியைத் திறந்து வைப்பதும் கூடாது. பழைய பல இழைச் செப்புக் கம்பியை இந்தத் திரவத்தில் நனைத்து உலர்த்தினால், ஈயத்தை உறிஞ்சி எடுக்கும் விக் தயார்.

நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் குங்கிலியம் இதற்கு மாற்று ஆகாது. பார்வைக்கு ஒத்திருந்தாலும் அது வேறு மரத்துப் பிசின், அதில் அமிலப் பங்கு மிகக் குறைவு. ஆக்சைடைக் கரைக்காமல் வெறுமனே உருகி அழுக்காகும். சாம்பிராணியும் மாற்று ஆகாது.

வெள்ளத்தில் நனைந்த போர்டுக்கு வரிசை முக்கியம். முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். இன்வெர்ட்டர், டிவி, வாஷிங் மெஷின் போர்டுகளில் உள்ள பெரிய கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 320 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பிறகு சேற்றையும் உப்பையும் சுத்தமான தண்ணீரால் மென்மையான பிரஷ் கொண்டு கழுவுங்கள். நனைந்ததைத் தண்ணீரிலேயே கழுவுவதா என்று தயங்க வேண்டாம். சேற்றிலுள்ள உப்பை ஐ.பி.ஏ. கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். பேட்டரியும் டிஸ்பிளேயும் தனியே கழற்றியிருக்க வேண்டும். கழுவிய பின் ஐ.பி.ஏ. ஊற்றித் தண்ணீரை விரட்டி, நிழலில் காற்றாடிக்குக் கீழே நன்றாக உலரவிடுங்கள். அதற்குப் பிறகுதான் மங்கிய இணைப்புகளில் ரோசின் பிளக்ஸ் தடவி மறுபடி உருக்குவது. ஈரமோ உப்போ இருக்கும்போது மேலே ரோசினைப் பூசினால், அரிப்பை உள்ளே வைத்து மூடியதுபோல் ஆகும்.

பற்றவைத்த பின் ரோசினைக் கழுவ வேண்டுமா என்பதில் மெக்கானிக்குகள் இரண்டு கட்சி. ஆர்.எம்.ஏ. என்றால் விட்டுவிடலாம் என்பது பொதுவாகச் சரி. ஆனால் இந்த வட்டாரத்துக்கு நான் கழுவும் கட்சி. காரணம், இங்கே போர்டுகள் சூட்டிலும் வாழ்கின்றன. தகரக் கொட்டகையில் மதிய வெயிலில் ஓடும் இன்வெர்ட்டருக்குள் சூடான பாகத்தின் அருகே 70 டிகிரி வருவது கடினமல்ல. அப்போது ரோசின் இளகும். பூட்டி வைத்திருந்த ஊக்கி அசையத் தொடங்கும், தூசி வந்து ஒட்டும். ஆர்.ஏ. என்றால் கேள்வியே இல்லை, கண்டிப்பாகக் கழுவ வேண்டும். ஐ.பி.ஏ.வைத் தாராளமாக விட்டு, பிரஷால் தேய்த்து, அது காய்வதற்குள் பஞ்சில்லாத துணியால் ஒற்றி எடுங்கள். கொஞ்சமாக விட்டுத் தேய்த்துக் காயவிட்டால் ரோசின் போகாது, வெள்ளைத் திரையாகப் பரவி நிற்கும். தின்னர் ஊற்றிக் கழுவுவது பல கடைகளில் வழக்கம். அது சில பிளாஸ்டிக் பாகங்களையும் கனெக்டர்களையும் கரைத்துவிடும், மூச்சுக்கும் கேடு.

மூச்சைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். பற்றவைக்கும்போது கிளம்பும் வெண்புகையை ‘ஈயப் புகை’ என்று நினைக்கிறார்கள். இந்தச் சூட்டில் காரீயம் சொல்லும்படியாக ஆவியாவதில்லை. அந்தப் புகை ரோசினுடையது. வாசனை இதமாக இருப்பதால் யாரும் விலகுவதில்லை. ஆண்டுக்கணக்கில் நேராக மூக்கில் ஏறினால் ஆஸ்துமா வரலாம். பிரிட்டனில் தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக ரோசின் புகையைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஒருமுறை வந்துவிட்டால், பிறகு சிறிதளவு புகையும் இழுப்பைக் கிளப்பும். தொழிலையே விட்டுவிட நேரும். மூடிய சிறிய கடையில், மேசைமேல் குனிந்து நாள் முழுக்க வேலை செய்யும் இளைஞர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. கணினியிலிருந்து கழற்றிய பழைய 12 வோல்ட் விசிறி ஒன்றை, புகையை முகத்திலிருந்து அப்பால் இழுக்கும்படி மேசையோரம் பொருத்தி, ஜன்னல் பக்கம் திருப்பிவிடுங்கள். முகத்தை நேர் மேலே வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள். காரீயம் உடலுக்குள் போவது கை வழியாக. டீ குடிக்கும் முன், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவினால் அந்த வழி அடைபடும். வீட்டுத் திண்ணையில் வேலை செய்பவர்கள், கீழே சிந்தும் ஈயத் துணுக்குகளைக் குழந்தைகள் தவழும் தரையில் விடக் கூடாது.

காரீயம் இல்லாத சால்டர் இப்போது பெரும்பாலான புதிய போர்டுகளில் வருகிறது. ஐரோப்பாவில் 2006 ஜூலை 1 முதல் இது சட்டம், இந்தியாவிலும் மின்கழிவு விதிகள் காரீயத்துக்கு வரம்பு வைத்திருக்கின்றன. அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், பரவுவதிலும் சோம்பல். அதனால் அத்தகைய போர்டைப் பழுதுபார்க்கும்போது ரோசின் பிளக்ஸ் சற்றுக் கூடுதலாகவே வேண்டும்.

ரோசினால் ஆகாததும் உண்டு. அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இரண்டிலும் அது பற்றவைக்காது. அவற்றின் தோலைக் கரைக்கும் வலு அதற்கு இல்லை. எல்.இ.டி. பல்பின் தட்டு அலுமினியம்தானே என்று கேட்கலாம். தட்டு அலுமினியம், ஆனால் பற்றவைக்கும் திட்டு செம்பு. அங்கே ஈயம் பிடிக்காததற்குக் காரணம் பிளக்ஸ் அல்ல. அலுமினியம் சூட்டை இழுத்துக்கொண்டுவிடுகிறது. கூடுதல் பேஸ்ட் அப்பிப் பயனில்லை. தட்டை அடியிலிருந்து முன்கூட்டியே சூடாக்கிவிட்டுப் பற்றவைத்தால் சாதாரண ரோசின் கம்பியே போதும்.

நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் ஆகிய கடலோர ஊர்களின் படகுகளில் வரும் ஜி.பி.எஸ்., வயர்லெஸ் செட் போர்டுகளுக்கு மட்டும் இன்னொரு படி வேண்டும். கடல்நீர்த் தூறல் நேராகப் படும் இடத்தில் எவ்வளவு நல்ல பிளக்ஸும் தனியாகக் காப்பாற்றாது. பற்றவைத்து முடித்ததும் காப்புப் பூச்சு, அதாவது அக்ரிலிக் லாக்கர், தெளிக்க வேண்டும். கனெக்டர்களையும் சுவிட்சுகளையும் ஒட்டுத்தாளால் மூடிவிட்டுத் தெளியுங்கள். அதற்கு முன் ரோசினை ஐ.பி.ஏ.வால் முழுதும் கழுவி, போர்டைக் காயவைத்திருக்க வேண்டும். ரோசின் மேல் தெளித்த பூச்சு சில மாதத்தில் செதிலாகப் பெயர்ந்து வரும், பெயர்ந்த இடத்தில் உப்புநீர் தங்கும்.